ஃபேன் ரெகுலேட்டர் வைத்தால் புரொஜெக்டர் வேகம் குறையுமா?

கேள்வி: மலேசியாவில் இருந்த தாத்தா எடுத்த 16 எம்.எம். ரீல்கள் நாலைந்து வீட்டில் இருக்கின்றன. ஒலி கிடையாது. போட்டுப் பார்க்க, கும்பகோணத்தில் ஒரு வியாபாரியிடம் பழைய அமெரிக்க புரொஜெக்டர் பார்த்தேன். தகட்டில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. "டிரான்ஸ்ஃபார்மர் கூடவே தருகிறேன். வேகம் அதிகமாக இருந்தால் ஃபேன் ரெகுலேட்டர் வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். வாங்கலாமா ஐயா?
— வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மூடியைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து மோட்டாரைப் பாருங்கள். மிக்ஸியில் இருப்பதுபோல் கார்பன் பிரஷ் இருந்தால் அது யுனிவர்சல் மோட்டார். பிரஷ்ஷே இல்லையென்றால் இன்டக்‌ஷன் மோட்டாராகத்தான் இருக்கும்.

இன்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை அலையடிக்கிறது என்ற கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும். நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. அதனால் நொடிக்கு 24 ஃபிரேம் (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படங்கள்) ஓட்டவேண்டிய பெட்டி இங்கே சுமார் 20 தான் ஓட்டும். ஒலியில்லாத வீட்டுப் படங்கள் பெரும்பாலும் 16 அல்லது 18-ல் எடுத்தவை. ஆக, உங்களுக்கு 20-ம் கொஞ்சம் கூடுதல்தான்.

அதற்கு ரெகுலேட்டர் வைத்தால் என்ன ஆகும்? லோ வோல்டேஜில் வயல் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகுவதை நம் பக்கத்தில் பார்க்காதவர் உண்டா? ரெகுலேட்டரும் வோல்டேஜைத்தான் குறைக்கிறது; அதனால் இங்கும் அதேதான். காயில் போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஆனால் படம் 'கேட்'டில் (பல்பின் வெளிச்சம் ஃபிலிம் வழியாகப் பாயும் சின்ன சன்னல்) நின்றுவிட்டால், பல்பின் சூட்டில் அந்த ஃபிரேம் நடுவில் பழுப்பேறி, குமிழ்விட்டு உருகிவிடும். அதில் தாத்தாவின் முகம் இருந்தால் போனது போனதுதான். பெல்ட்டில் ஓடும் பெட்டி என்றால் லேத் பட்டறையில் புல்லியை மாற்றுவதே வழி: மோட்டார் பக்கம் 25 மி.மீ. புல்லியை 20 ஆக்கினால் 20 ஃபிரேம் 16 ஆகும்.

யுனிவர்சல் மோட்டார் இருந்து, 'சவுண்ட்', 'சைலன்ட்' என்று வேகம் மாற்றும் சுவிட்சும் இருந்தால் தைரியமாக யோசிக்கலாம். ஹெர்ட்ஸ் தொல்லை அதில் பெரிதாக இல்லை. வேகத்தைப் பிடித்து வைக்க உள்ளே கவர்னர் இருக்கும். அதன் காண்டாக்ட் பாயின்ட் கருகியிருந்தால் வேகம் ஏறி இறங்கும், சத்தத்திலேயே தெரியும்.

சோதிப்பது சுலபம். உங்கள் ரீலைப் போடாதீர்கள். வேண்டாத ஃபிலிம் ஒன்றில் 6 அடி இடைவெளி விட்டு ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடு போடுங்கள். அந்த ஆறடியில் 240 ஃபிரேம் இருக்கும். முதல் கோடு கேட்டைக் கடந்ததிலிருந்து அடுத்த கோடு வரும்வரை செல்போனில் நேரம் பாருங்கள். 10 நொடி ஆனால் 24 ஃபிரேம், 12 ஆனால் 20, 15 ஆனால் 16. மோட்டார் சூடேறட்டும் என்று 20 நிமிடம் ஓடவிட்டு, மறுபடி ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், வேகத்தைப் பற்றி அவர் சொல்வதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்ல அது வேண்டும்.

ரீல் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? அப்படியானால் ஃபிலிம் சுருங்கத் தொடங்கியிருக்கும். அதை எந்தப் புரொஜெக்டரிலும் ஏற்றாமல், ஸ்கேன் செய்பவரிடம் கொடுங்கள்.