அசுவினி மூட்டைக்கு வராது

கேள்வி: மாவு மில் வைத்திருக்கிறேன், கோதுமையும் விற்கிறேன். போன வாரம் ஒரு அம்மா, “வண்டு புடிச்ச சரக்கைத் தலையில கட்டிட்டியே!” என்று சண்டைக்கு வந்துவிட்டார். “வயல்லேயே வந்த பூச்சிம்மா, பஞ்சாப் சரக்கு” என்றேன். நான் சொன்னது சரியா? வயலில் எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சி வரும்?
- வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: பழியைப் பஞ்சாப்காரன் தலையில் போட்டுவிட்டீர்களே!

பயிர் எந்த வயதில் எதைக் கொடுக்கிறதோ, அதைத் தின்கிற பூச்சிதான் அப்போது வரும். நவம்பரில் விதைத்தது முளைத்து வரும்போதே கரையான் வேரைக் கடிக்கும். வாடிய செடியை இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் பக்கக் கிளை வெடித்துத் தூர் கட்டும்போது தண்டுத் துளைப்பான் புகுந்தால் நடுக்குருத்து காயும். அதே புழு கதிர் வரும் சமயத்தில் புகுந்தால் கதிர் வெளுத்துப் பதராய் நிற்கும். செங்குன்றம் பக்கம் நெல் போட்டவர்களுக்கு இது புதுசில்லை.

பெரிய தலைவலி அசுவினிதான். ஜனவரி கடைசியில், கண்ணாடி இலை (கதிருக்கு முன் வருகிற கடைசி இலை) விரிந்து கதிர் எட்டிப் பார்க்கும்போது சேரத் தொடங்கும். கடுகளவுதான் இருக்கும். மணிக்குப் போகிற சாற்றை வழியிலேயே உறிஞ்சிவிடும். ஆண் துணையில்லாமலே குட்டி போடுகிற ஜாதி என்பதால், பால் பிடிக்கும் பருவத்துக்குள் கதிரையே மூடிவிடும். மணி சுருங்கிப்போகும். தாமதமாக விதைத்தவர்களுக்குத்தான் அடி அதிகம்: அவர்கள் பயிர் பால் பிடிப்பதும், வெயில் ஏறி அசுவினி பெருகுவதும் ஒரே நேரத்தில் வந்துவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் இதே கதி. ஆனால் மணி முற்றிச் சாறு வற்றியதும் அது கிளம்பிவிடும். காய்ந்த கோதுமையில் அதற்கு என்ன வேலை?

உங்கள் மூட்டையில் இருப்பது, நீண்ட மூக்கும் முதுகில் மங்கலான நாலு செம்மஞ்சள் புள்ளியுமாக இருந்தால், அது பெரும்பாலும் கிடங்கில் தொற்றியதுதான். பெண் வண்டு மணியைத் துளைத்து ஒரு முட்டை வைத்து, பசையால் ஓட்டையை அடைத்துவிடும். மேலுக்குச் சரக்கு பளிச்சென்று இருக்கும். நம்மூர் வெக்கைக்கும் கடற்காற்று ஈரத்துக்கும் ஒரு மாதம் போதும், புது வண்டு மணியைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள், உள்ளே அரித்தது மிதக்கும்.

மூட்டையைப் பிரித்ததும் வைக்கோல் நிறத்தில் குட்டி அந்துப்பூச்சி பறந்தால் மட்டும் உங்கள் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. அது முற்றுகிற கதிரிலேயே முட்டை வைக்கும். கிடங்கிலும் தொற்றும் என்பதால், அதை வைத்தும் அடித்துப் பேசாதீர்கள்.

மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பழைய சாக்கில் புதுச் சரக்கைக் கொட்டாதீர்கள். மிஷின் இடுக்கில் தங்குகிற மாவைத் தினமும் பெருக்கிவிடுங்கள். மாவில் ஓடுகிற சின்னச் செவ்வண்டு வேறு ஜாதி. முழு மணியைத் துளைக்க அதனால் ஆகாது, நொறுங்கலும் மாவும் கிடைக்கிற வரைதான் அதன் பிழைப்பு.