காலையில் லேட் ஸ்டார்ட், வெள்ளைப் புகை: இன்ஜெக்டர்தானா?

நண்பரே, காலையில் நெடுநேரம் சுழற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஐடிலில் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் பிக்கப் என்பதால், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மீது சந்தேகம் வருவது நியாயம்தான், ஆனால் அவசரப்பட்டு நான்கையும் வாங்கிவிடாதீர்கள். முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து பிரஷரை விடுகிறது, ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பதும் அதனால்தான். ஆனால் இன்ஜெக்டரின் நுனியான நாசில் சொட்டுவது இந்த டெஸ்டில் தெரியாது. அதற்கு வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள், எதை நிறுத்தினால் நடுக்கம் கூடவில்லையோ அதில்தான் கோளாறு. அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (காற்றை அழுத்தும் திறன்) பாருங்கள், அது குறைவாக இருந்தால் புது இன்ஜெக்டர் போட்டும் பயனில்லை.

தயவுசெய்து என்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தாதீர்கள், ரெயிலில் பிரஷர் 1,000 பாரைத் தாண்டும், தோலைத் துளைத்துவிடும்.

மாற்றும்போது செப்பு வாஷர் புதிதாகவே இருக்கட்டும், உட்காரும் இடத்தில் கரி துளிகூட இருக்கக்கூடாது, கிளாம்ப் போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்குங்கள். அப்புறம், இன்ஜெக்டர் மேல் குறியீடு இருந்தால் ஸ்கேனர் வழியாக ஈசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏற்றுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, புது இன்ஜெக்டரும் சரியில்லை என்கிறார்கள்.