‘எஸ்’ எங்கே போயிற்று? ஆங்கில இலக்கணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். கூட்டக் குறிப்பில் ‘த கமிட்டி ரெகமெண்டட் தட் த கான்ட்ராக்டர் சப்மிட்ஸ் எ ஃப்ரெஷ் எஸ்டிமேட்’ என்று எழுதியிருந்தேன். கண்காணிப்பாளர் ‘சப்மிட்ஸ்’ என்பதில் உள்ள ‘எஸ்’ எழுத்தை அடித்துவிட்டார். ஒப்பந்ததாரர் ஒருவர்தானே, படர்க்கை ஒருமைக்கு ‘எஸ்’ வேண்டாமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: கண்காணிப்பாளர் திருத்தியது சரிதான். ஒப்பந்ததாரர் மதிப்பீட்டைக் கொடுத்தார் என்றோ, வழக்கமாகக் கொடுக்கிறார் என்றோ அந்த வாக்கியம் சொல்லவில்லை. அவர் கொடுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்ததை மட்டுமே சொல்கிறது. நடப்பதைக் கூறாமல் நடக்க வேண்டியதைக் கூறும் இத்தகைய இடங்களில் ஆங்கிலம் கையாளும் வினை வடிவத்தைத்தான் ‘சப்ஜங்டிவ்’ என்கிறோம். பெயர்தான் மிரட்டுகிறதே தவிர வடிவம் மிக எளியது. எழுவாய் எதுவானாலும், முன்னே நிற்கும் முதன்மை வினை எந்தக் காலத்தைச் சேர்ந்ததானாலும், அகராதியில் வினைச்சொல் எப்படி இருக்கிறதோ அப்படியே மாறாமல் நிற்கும். ‘ரெகமெண்ட்ஸ்’ என்று தொடங்கினாலும் ‘ரெகமெண்டட்’ என்று தொடங்கினாலும் பின்னால் வருவது ‘சப்மிட்’ மட்டுமே.

‘டிமாண்ட்’, ‘ப்ரொபோஸ்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘ஆர்டர்’ போன்ற வினைகளுக்குப் பின்னும், ‘எசென்ஷியல்’, ‘நெசசரி’ போன்ற பெயரடைகளுக்குப் பின்னும் ‘தட்’ தொடர் வந்தால் இவ்வடிவம் வரலாம். எழுவாய் பன்மையாக இருந்தால் பெரும்பாலான வினைகளில் வேறுபாடே கண்ணுக்குத் தெரியாது. ‘தே சப்மிட்’ என்பது எப்படியும் ‘தே சப்மிட்’தான். இதனாலேயே பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ‘பி’ என்னும் வினையில்தான் இது ஒளிந்துகொள்ள முடியாது. ‘இட் இஸ் ஆர்டர்டு தட் த பெட்டிஷன் பி டிஸ்மிஸ்டு’ என்று நீதிமன்ற ஆணைகளில் வரும் ‘பி’ இதுவே. எதிர்மறையில் ‘டூ’, ‘டஸ்’ எதுவும் வராது. ‘வி ரிக்வெஸ்ட் தட் ஹி நாட் பி டிரான்ஸ்ஃபர்டு’ என்று வினைக்கு முன்னால் ‘நாட்’ மட்டும் நிற்கும்.

ஆனால் வினையைப் பார்த்த உடனேயே ‘எஸ்’ எழுத்தை வெட்டக் கூடாது; பொருளைப் பார்க்க வேண்டும். ‘ஷி இன்சிஸ்டட் தட் ஹி வாஸ் ப்ரெசென்ட்’ என்றால், அவர் அங்கே இருந்தார் என்று அவள் அடித்துச் சொன்னாள் என்று பொருள். ‘ஷி இன்சிஸ்டட் தட் ஹி பி ப்ரெசென்ட்’ என்றால், அவர் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று அவள் வற்புறுத்தினாள் என்று பொருள். ஒரே ஒரு சொல் மாறியதில் சாட்சியம் கட்டளையாகிவிடுகிறது. விசாரணை அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த இணையை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘தட் த கான்ட்ராக்டர் ஷுட் சப்மிட்’ என்று ‘ஷுட்’ சேர்த்து எழுதுவதும் பெருவழக்கு. அமெரிக்கர்கள் ‘ஷுட்’ இல்லாமல் எழுதுவதையே விரும்புகிறார்கள். இரண்டில் எதை எழுதினாலும் பிழையில்லை. நம்மவர்கள் எழுதும் ‘ஐ சஜெஸ்டட் ஹிம் டு கோ’ என்பதுதான் பிழை. ‘அட்வைஸ்’ என்ற வினைக்கு அந்த அமைப்பு பொருந்தும், ‘சஜெஸ்ட்’ ஏற்காது.

கேள்வி: ‘ஐ வாஸ்’ என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். பிறகு ‘இஃப் ஐ வெர் யூ’ என்று வந்தால் மாணவர்கள் குழம்புகிறார்கள். ‘இஃப்’ வந்தால் எப்போதும் ‘வெர்’தானா?
– பள்ளி ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

பதில்: எப்போதும் அல்ல. அந்த ‘வெர்’ பன்மையும் அன்று, இறந்தகாலமும் அன்று. உண்மையல்லாத ஒன்றைக் கற்பனை செய்கிறோம் என்பதற்கான அடையாளம்; சப்ஜங்டிவின் இன்னொரு வகை. நான் நீங்களாக ஆக முடியாது, ஆகவே ‘வெர்’. பழைய ஆங்கிலத்தில் எல்லா வினைகளுக்கும் இப்படித் தனி வடிவங்கள் இருந்தன. மற்றவை மங்கிப்போக, இறந்தகால வடிவத்தில் இந்த ஒன்று மட்டுமே தனித்துத் தெரிகிறது. பேச்சு வழக்கில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பதை இன்று யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. எழுத்தில், அதுவும் தேர்வுத்தாளில், ‘வெர்’ எழுதச் சொல்லுங்கள்.

நான் கவலைப்படுவது எதிர்ப்புறப் பிழையைப் பற்றித்தான். ‘இஃப்’ கண்ட இடமெல்லாம் ‘வெர்’ போடப் பழகிய மாணவர், ‘இஃப் ஐ வெர் ரூட் யெஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்’ என்று எழுதிவிடுவார். நேற்று நான் கடுமையாகப் பேசியிருக்கலாம். அது கற்பனையன்று, நடந்திருக்கக்கூடியது. அங்கே ‘வாஸ்’ என்பதுதான் சரி. ‘இது நடந்திருக்க வாய்ப்பு உண்டா?’ என்ற கேள்வியை மாணவர்களே கேட்டுப் பார்க்கட்டும். உண்டு என்றால் ‘வாஸ்’, பேசுவது இல்லாத நிலையைப் பற்றி என்றால் ‘வெர்’. ‘இஃப்’ சொல்லை விட்டுவிட்டு ‘வெர் ஐ த மினிஸ்டர்’ என்று தலைகீழாகத் தொடங்கும் வாக்கியத்தில் மட்டும் ‘வாஸ்’ நுழையவே முடியாது.

கேள்வி: ‘காட் சேவ் த கிங்’ என்பதில் ‘சேவ்ஸ்’ ஏன் இல்லை? கடவுளுக்கு இடும் கட்டளையா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: கட்டளையன்று, வேண்டுதல். ‘காப்பாராக’ என்று நம் வியங்கோள் செய்யும் வேலையை அங்கே சப்ஜங்டிவ் செய்கிறது. ‘லாங் லிவ்’, ‘ஹெவன் ஃபர்பிட்’, ‘கம் வாட் மே’, ‘பி தட் அஸ் இட் மே’ ஆகியவையும் இவ்வினமே. இவை உறைந்துபோன தொடர்கள். இவற்றைப் பார்த்துப் புதிதாக ஒன்றை ஆக்கினால் செயற்கையாக இருக்கும்.

கேள்வி: சப்ஜங்டிவ் செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார்களே, படிக்கத்தான் வேண்டுமா?
– கல்லூரி மாணவி ஒருவர், திருநெல்வேலி

பதில்: அதற்கு இரங்கல் எழுதியவர்கள் முன்பே உண்டு. புகழ்பெற்ற ஆங்கில நடை வழிகாட்டியை எழுதிய ஃபவுலர், 1926-லேயே, சில குறிப்பிட்ட பயன்பாடுகள் நீங்கலாக, அதைச் சாகும் தறுவாயில் இருப்பதாகவே கருதினார். சில பயன்பாடுகள் போய்த்தான் விட்டன. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம், குடியரசுத் தலைவரின் உறுதிமொழியைப் பற்றிச் சொல்லும்போது ‘பிஃபோர் ஹி என்டர்’ என்கிறது. இன்று எழுதுகிறவர் ‘என்டர்ஸ்’ என்றே எழுதுவார். ஆனால் ‘ரெகமெண்ட்’, ‘டிமாண்ட்’ வகைக்குப் பின் வரும் வடிவம் சாகவில்லை. அமெரிக்காவில் வேரூன்றி நின்ற அது, இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் மறுபடி பரவியது.

ஆகவே நீங்கள் ‘பிஃபோர் ஹி என்டர்’ வகையை அடையாளம் காணத் தெரிந்திருந்தால் போதும், எழுதிப் பழக வேண்டாம். ‘தட்’ தொடரில் வருவதையும் ‘இஃப் ஐ வெர்’ என்பதையும் எழுதவும் பழகுங்கள். விண்ணப்பம், தீர்மானம், மனு எதை ஆங்கிலத்தில் எழுதினாலும் முதல் பக்கத்திலேயே முன்னது தேவைப்படும்.