ராத்திரி போட்டுத் தூங்கும் ஆர்த்தோ-கே லென்ஸால் குழந்தையின் கண்ணில் தொற்று வருமா?

வரலாம். அடிக்கடி வராது, ஆனால் வந்தால் லேசில் விடாது. வருடா வருடம் பவர் ஏறிக்கொண்டே போனதால் என் மகளுக்கு இதைப் போட ஆரம்பித்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை.

இது கெட்டியான லென்ஸ். தூங்கும்போது கருவிழியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கும், பகலில் கண்ணாடி வேண்டாம். குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறும் வேகமும் குறையும். சிக்கல் என்னவென்றால், இமை மூடியிருக்கும்போது கருவிழிக்கு ஆக்ஸிஜன் குறைவு. இமை கொட்டாததால் லென்ஸுக்கு அடியில் புதுக் கண்ணீரும் ஓடாது. ஒரு சின்னக் கீறலும் கொஞ்சம் கிருமியும் சேர்ந்தால் போதும், விடியும்வரை அதற்கு நேரம் இருக்கிறது. புண் நடுவில் வந்தால் தழும்பு பார்வையையே மறைக்கும்.

2013-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஓராண்டு அணியும் 10,000 குழந்தைகளில் சுமார் 14 பேருக்குத் தொற்று வரலாம். அந்த ஆய்வில் உறுதியானவை இரண்டே இரண்டு என்பதால் இதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 2005-ல் வந்த ஓர் ஆஸ்திரேலியத் தொகுப்பு. அதுவரை பதிவான முதல் 50 தொற்றுகளில் பெரும்பாலானவை சீனா, தைவான் பக்கம், அதுவும் 9 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம். அதிகம் இருந்தது சூடோமோனாஸ் பாக்டீரியா. ஆனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அகந்தமீபா! இது குழாய்த் தண்ணீரில் வாழும் உயிரி. கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் அசையாது, சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆகவே எங்கள் வீட்டில் லென்ஸ் பக்கம் தண்ணீரே வராது. போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ., கொதிக்க வைத்தது எதுவும் கிடையாது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் தொடுவோம். பலர் சறுக்குவது இந்த ஈரக் கையில்தான். லென்ஸ் டப்பாவையும் லென்ஸுக்கான சொல்யூஷனில்தான் கழுவிக் கவிழ்த்து வைப்போம், சில மாதங்களில் தூக்கிப் போட்டுவிடுவோம். லென்ஸ் எடுக்கும் ரப்பர் குச்சியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், அதிலும் கிருமி குடியிருக்கும். காலையில் லென்ஸ் ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. டாக்டர் சொன்ன சொட்டு விட்டு, அது நகர ஆரம்பித்த பிறகு எடுக்க வேண்டும்.

கண் சிவந்திருந்தாலோ காய்ச்சல் என்றாலோ அன்றிரவு லென்ஸ் இல்லை. மறுநாள் பரீட்சை என்றாலும் இல்லை. அதற்காகவே பழைய கண்ணாடியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிற வீட்டுக்கு இந்த லென்ஸ் வேண்டாம் என்பேன். அட்ரோபின் சொட்டு, கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்தும் கண்ணாடி என்று வேறு வழிகள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், நீர் வடிதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது வந்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள், கிருமி எது என்று பரிசோதிக்க உதவும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும்.