மாக்கி ஃபோல்கோரே: வளையங்களும் பாலைவன வெயிலும்

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பறக்கவிட்ட மாக்கி சி.202 ஃபோல்கோரே போர் விமானத்தை 1/48 அளவில் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டுகிறவர்களின் கேள்விகளும், இதே விமானத்தை மூன்று முறை கட்டியவன் என்ற முறையில் என் பதில்களும்.

சார், என் கிட்டில் இடது இறக்கை வலதைவிட நீளமாக இருக்கிறது. மோல்டு தப்பா?

தப்பே இல்லை. தயவுசெய்து அறுத்துச் சமப்படுத்திவிடாதீர்கள்! ப்ரொப்பெல்லர் சுழலும்போது அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட, வடிவமைத்த மாரியோ கஸ்தோல்தி இடது இறக்கையைச் சுமார் 20 செ.மீ. நீட்டிவிட்டார். நீளம் கூடினால் அந்தப் பக்கம் தூக்குவிசையும் கூடும். 1/48-ல் அது 4 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

அண்ணா, மணல் நிறத்தின் மேல் உருமறைப்புக்காக வரும் அந்தப் பச்சை வளையங்களை எப்படி அடிப்பது? நாலு தடவை முயற்சி செய்தும் திப்பித் திப்பியாக வருகிறது.

இந்த விமானத்தின் அழகே அதில்தான் இருக்கிறது தம்பி, அவசரப்படாதே. மணல் நிறம் நன்றாகக் காய ஒரு நாள் விடு. கரும்பச்சையைப் பாலைவிட நீர்க்கக் கரைத்துக்கொள். ஏர்பிரஷ்ஷுக்கு (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) 0.2 மி.மீ. ஊசி, 10 முதல் 12 பிஎஸ்ஐ காற்றழுத்தம். ஏர்பிரஷ் நுனி மாடலைத் தொட்டுவிடுமோ என்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோ. காற்றை முதலில் திற, கையைச் சுழற்றத் தொடங்கு, அதற்குப் பிறகு பெயின்ட். முடிக்கும்போது பெயின்ட் முதலில் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் தொடங்கும் இடத்தில் பொட்டு விழுகிறது.

அக்ரிலிக் என்றால் ஊசி முனையில் காய்ந்து கட்டிவிடும். ஐந்தாறு வளையத்துக்கு ஒருமுறை தின்னர் தொட்ட பஞ்சால் துடை. வளையங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல வேண்டாம். நிஜத்திலும் கையால் அடித்தவைதான். சில நெளிந்திருக்கும், சில மூடாமல் நிற்கும். நடு அடைந்துபோனால் மணல் நிறத்தால் ஒரு சின்னப் புள்ளி வை, திறந்துகொள்ளும். முதல் ஐம்பது வளையங்களைப் பழைய பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பழகு.

டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டினால் அடியில் வெள்ளி மாதிரி மினுக்குகிறது.

மேட் (பளபளப்பில்லாத) பரப்பின் சொரசொரப்பில் காற்று சிக்கிக்கொள்கிறது. முதலில் கிளாஸ் கோட் (பளபளப்புப் பூச்சு), பிறகு டீகால், அதன்மேல் டீகாலை இளக்கும் டீகால் சாஃப்ட்னர். ஏற்கெனவே மினுக்கினால் ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டு, மறுபடியும் சாஃப்ட்னர் விடுங்கள்.

வட ஆப்பிரிக்காவில் இருந்த விமானம் என்பதால் பெயின்ட் நிறைய உரிந்ததாகக் காட்டலாமா?

வேண்டாம் என்பேன். என் முதல் ஃபோல்கோரேயில் இறக்கை முழுக்க வெள்ளிச் சிராய்ப்பு வைத்தேன். பழைய இரும்புக் கடைச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. 1942-ல் லிபியாவிலும் எகிப்திலும் பறந்தவற்றை வெயில் வெளுக்க வைத்தது, மணல் தேய்த்தது. ஆகவே முதலில் வெளுப்பு. வெள்ளை, பழுப்பு ஆயில் பெயின்டை ஊசிமுனைப் புள்ளிகளாக வைத்து, டர்பன்டைன் லேசாக நனைத்த தட்டைத் தூரிகையால் இறக்கையில் முன்னிருந்து பின்னாகவும், உடற்பகுதியில் மேலிருந்து கீழாகவும் இழுங்கள். புள்ளி கரைந்து, நிறம் மட்டும் மாறி நிற்கும். சிராய்ப்பு விமானி கால் வைத்து ஏறும் இடத்திலும், இறக்கையின் முன்விளிம்பிலும், இன்ஜின் மூடியின் திருகுகளைச் சுற்றியும் போதும்.

புகைக்கறை எங்கே வரும்?

இன்ஜின் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் 601. ஆல்ஃபா ரோமியோ உரிமம் வாங்கி இத்தாலியிலும் செய்தது. சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும் வகை என்பதால் புகைக்குழாய்கள் தாழ்வாக இருக்கும். கறை, இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தை ஒட்டிப் பின்னோக்கி ஓடும். தனிக் கறுப்பு வேண்டாம், பழுப்பு கலந்துகொள்ளுங்கள்.

டீகால் தாளில் உள்ள குதிரை ஃபெராரி குதிரை மாதிரியே இருக்கிறதே?

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். முதல் உலகப் போரின் இத்தாலிய வீரர் ஃபிரான்செஸ்கோ பராக்கா தன் விமானத்தில் வரைந்திருந்த குதிரை அது. அவர் 1918-ல் இறந்தார். பின்னாளில் அவர் பெயரைத் தாங்கிய 4-வது ஸ்டோர்மோ (இத்தாலிய விமானப்படைப் பிரிவு) அதைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. அந்தப் பிரிவின் விமானத்தைக் கட்டுகிறீர்கள் என்றால், இடப்பக்கக் காற்று நுழைவாயிலில் மணல் வடிகட்டி உள்ளதா என்று புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். ஆப்பிரிக்காவுக்குப் போனவற்றில் பலவற்றில் அது உண்டு.