ஓடினால் முட்டி தேய்ந்துவிடுமா?

கேள்வி: வயது 36, சென்னையில் ஐ.டி. வேலை. வாரம் 12 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஹாஃப் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்ததால் ஒரே மாதத்தில் அதை 30 ஆக்கினேன். இப்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலி. படி இறங்கும்போதும், ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் அதிகம். எக்ஸ்ரே நார்மல். மூட்டு தேய்ந்துவிடும், ஓடவே கூடாது என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனாலும் நீங்கள் சொல்வதெல்லாம் தொடை எலும்போடு முட்டிச் சில்லு சேரும் இடத்தில் வரும் வலிக்கு அப்படியே பொருந்துகிறது. ஓடுகிறவர்களிடம் மிகச் சகஜம். முட்டி மடங்க மடங்கச் சில்லு எலும்பின் மேல் அழுந்தும், அதனால்தான் படி இறங்கும்போது வலி கூடுகிறது. இது தேய்மானம் இல்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் அவ்வளவு வேகமாகப் பழகாது. அதற்குள் நீங்கள் தூரத்தை இரண்டரை மடங்காக்கிவிட்டீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினரிடமும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதத்தினரிடமும் இருந்தது. தொழில்முறையாக, சர்வதேசப் போட்டி அளவில் ஓடும் வீரர்களிடம் 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்கள்தானே ஓட வருவார்கள் என்று கேட்கலாம், அதுவும் நியாயம்தான். ஆனால் உங்களைப் போல ஓடுவது மூட்டைக் கெடுக்கிறது என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

இப்போதைக்குப் பழைய 12 கி.மீ.க்கே திரும்புங்கள், மேம்பாலம் ஏறி இறங்குவதை விட்டுவிடுங்கள். ஓடும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் ஓடலாம். அதைத் தாண்டினால் தூரத்தைக் குறையுங்கள். அடிகளைக் கொஞ்சம் குட்டையாக, அடிக்கடி வையுங்கள். நிமிடத்துக்கு 160 அடி என்றால் 170 ஆக்கிப் பாருங்கள், முட்டியில் விழும் சுமை குறையும்.

உண்மையான வைத்தியம் தசைக்கு. முட்டிக்கு மட்டும் பயிற்சி செய்துவிட்டு இடுப்பை மறந்துவிடுகிறார்கள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து வலிக்காத அளவுக்கு அரை உட்காருவது, அப்புறம் தாழ்வான படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது. வாரம் மூன்று நாள், குறைந்தது ஆறு வாரம், பெரும்பாலும் பன்னிரண்டு. பலர் மூன்றாவது வாரத்திலேயே வலி போய்விட்டது என்று நிறுத்திவிட்டு மறுபடி வந்து நிற்பார்கள். முட்டி உறை போட்டால் தெம்பாக இருக்கும், போடுங்கள், அதை நம்பித் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள். நம் வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும்போது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கலாம்.

முட்டி வீங்கினால், மடக்கவோ நீட்டவோ முடியாமல் மாட்டிக்கொண்டால், கால் திடீரென வாரிவிட்டால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி எழுப்பினால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து வீங்கினால் அன்றைக்கே போங்கள்.

ஜனவரி போட்டியில் 10 கி.மீ. பிரிவுக்கு மாற முடிந்தால் மாறிக்கொள்ளுங்கள். 21 கி.மீ. ஹாஃப் மாரத்தானை அடுத்த வருஷம் பார்க்கலாம்.