வெளியாள் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து, கிடங்கில் எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருளை உருவாக்கியிருக்கிறோம். கணிக்கும் பகுதியை எங்களுக்குத் தெரிந்த நிரலாளர் ஒருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் முதலீட்டாளர்களிடம் காட்டப்போகிறோம். யாராவது யோசனையைத் திருடிக்கொண்டால் என்ன செய்வது? உடனே காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பிக்க வேண்டுமா?

பதில்: திருட்டுப் பயத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். கட்டணம் பெற்றுக்கொண்ட அந்த நிரலாளரிடம் எதிலாவது கையெழுத்து வாங்கினீர்களா? அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வாங்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தன் பணியின் பகுதியாக எழுதும் நிரல், பல நாடுகளில் நிறுவனத்துக்குச் சேரும். வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர் கதை வேறு. எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பதிப்புரிமை (காப்பிரைட்) பெரும்பாலும் அவரிடமே நிற்கும். நீங்கள் கொடுத்த பணம் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே வாங்கித் தந்திருக்கக்கூடும். அப்படியானால், அதே நிரலை அவர் நாளை உங்கள் போட்டியாளருக்கு விற்றாலும் தடுப்பது கடினம். விவரம் தெரிந்த முதலீட்டாளர் முதலில் கேட்கப்போவதும் இந்தக் காகிதத்தைத்தான்.

ஆகவே இந்த வாரமே உரிமை மாற்றப் பத்திரம் ஒன்றில் அவர் கையெழுத்தைப் பெறுங்கள். வாசகத்தில் கவனம் வேண்டும். ‘மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்’ என்பது வெறும் வாக்குறுதி. ‘இதன் மூலம் மாற்றித் தருகிறேன்’ என்பதுதான் மாற்றம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதில் அடிபட்டது. அதன் ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு முதல் வகை வாசகத்திலும், பின்னர் ஒரு தனியார் நிறுவனத்துக்கு இரண்டாம் வகை வாசகத்திலும் கையெழுத்திட்டிருந்தார். பின்னால் போட்ட கையெழுத்தே வென்றது. 2011இல் உச்ச நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றவில்லை. பத்திரம் கையில் வந்ததும், நிரலைச் சேமித்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியம் யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். அவருடைய சொந்தக் கணக்கில் இருந்தால், மாற்ற வரலாறு முழுவதையும் சேர்த்து நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றுங்கள். யார், என்று, எந்த வரியை எழுதினார் என்பதற்கு அந்த வரலாறு நல்ல சாட்சி.

நீங்கள் மூவரும் இதே பத்திரத்தில் நிறுவனத்தின் பெயருக்குக் கையெழுத்திட வேண்டும். உங்களில் யாராவது இன்னும் வேறிடத்தில் வேலையில் இருந்தால், அங்குள்ள பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதற்கும் உரிமை கோரும் நிறுவனங்கள் உண்டு.

இப்போது யோசனைத் திருட்டுக்கு வருவோம். பதிப்புரிமை யோசனையைக் காக்காது. அதை நீங்கள் எழுதிய விதத்தைத்தான் காக்கும். அறிவுசார் சொத்து பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் கணினி நிரலை இலக்கியப் படைப்புக்கு இணையாக வைக்கிறது. எனவே எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் உங்கள் மென்பொருளைப் பார்த்துவிட்டு, அது செய்யும் அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை ஒருவர் தானாக எழுதிக்கொண்டால்? எஸ்ஏஎஸ் என்ற மென்பொருள் நிறுவனம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிரலின் செயல்பாட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது. எதிர்த்தரப்பு எஸ்ஏஎஸ்ஸின் மூல நிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, பார்த்ததே இல்லை. மென்பொருளை ஓட்டிப் பார்த்துத்தான் தன்னுடையதை எழுதியிருந்தது.

அந்த இடைவெளியைக் காப்புரிமை ஓரளவு அடைக்கும். ஆனால் கணிப்புச் சூத்திரத்தை வெறுமனே கணினியில் ஏற்றியதற்கு அது கிடைப்பது அரிது. வெறும் கருத்தைக் கணினியில் ஓட்டுவதற்குக் காப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2014 ஆலிஸ் வழக்குக்குப் பிறகு அமெரிக்காவில் வாசல் நன்றாகவே குறுகிவிட்டது. ஐரோப்பாவில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றைத் தீர்த்ததாகக் காட்ட வேண்டும். விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தால், வெளியே காட்டுவதற்கு முன் செய்துவிடுங்கள். ரகசியக் கட்டுப்பாடு இல்லாமல் ஒருவருக்கு விளக்கிவிட்டாலே ஐரோப்பாவில் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். அமெரிக்கா ஓராண்டு அவகாசம் தருகிறது. ஒரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டால் மற்ற நாடுகளில் விண்ணப்பிக்க, தொழிற்சொத்து பற்றிய பாரிஸ் ஒப்பந்தப்படி 12 மாதம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், உங்கள் கணிப்பு முறையை வணிக ரகசியமாக வைத்துக்கொள்வதே மேல். காப்புரிமை கேட்டால் முறையை ஊரறிய எழுதி வைக்க வேண்டும். உங்கள் கணிப்போ சர்வருக்குள் நடக்கிறது, வெளியாள் கண்ணில் படுவது விடை மட்டுமே. ஆனால் ரகசியம் என்று சொல்லிக்கொண்டால் போதாது. அதைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுத்ததாகக் காட்டினால்தான் நீதிமன்றம் காதுகொடுக்கும். மூல நிரலை யார் திறக்கலாம் என்ற பட்டியல், வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றே முடக்குவது, நிரலைப் பொதுச் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளில் ஒட்டிச் சந்தேகம் கேட்கக் கூடாது என்ற எழுத்துபூர்வ விதி, இவையெல்லாம் அதில் சேரும். அலட்சியம் இந்தக் கடைசி விதியில்தான் அதிகம்.

திறந்த மூல நூலகங்களையும், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நிபந்தனையோடு வெளியிடப்பட்ட நிரல் தொகுப்புகளையும், ஒரு பார்வை பாருங்கள். நிபந்தனை உரிமத்துக்கு உரிமம் மாறும். எம்ஐடி உரிமத்தில் உரிமை அறிவிப்பை அப்படியே வைத்திருந்தால் போதும். ஜிபிஎல் உரிமத்தில் வந்த நிரலைக் கலந்து வாடிக்கையாளரிடம் பிரதி கொடுத்தால், உங்கள் மூல நிரலையும் கொடுக்க நேரிடும். சர்வரில் மட்டும் ஓட்டினால் ஜிபிஎல் தலையிடாது, அதன் கடுமையான வடிவமான ஏஜிபிஎல் தலையிடும். வெளியாள் எழுதிய பகுதிக்குள் எது இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். பட்டியலை அவரிடமே கேட்டு வாங்கி, பத்திரத்தோடு இணையுங்கள்.

வணிகச் சின்னத்துக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயரை வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று தேடிவிட்டு, நீங்கள் விற்கப்போகும் நாடுகளில் பதிந்துகொள்ளுங்கள்.

முதலீட்டாளர்கள் முதல் சந்திப்பிலேயே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அபூர்வம். வற்புறுத்தினால் சந்திப்பே ரத்தாகலாம். எனவே அன்று மென்பொருளை ஓட்டிக் காட்டுங்கள், அதன் விடைகளைக் காட்டுங்கள், பயன்பெற்ற கிடங்குகளின் கணக்கைக் காட்டுங்கள். எந்தத் தரவை எப்படி எடைபோடுகிறீர்கள் என்று கேட்டால், அடுத்த கட்டத்தில் கையெழுத்துக்குப் பிறகு சொல்கிறோம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பதிலைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சட்டமும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உரிமை மாற்றப் பத்திரத்தை மட்டுமாவது அறிவுசார் சொத்து வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.